பாட்டுக்கு முன்னால் வரும் உறுமல்
பழைய ரெக்கார்ட் பிளேயரின் மின்பகுதியைச் சீர்செய்வது குறித்து முகத்துவாரக்குப்பத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு



பரணிலிருந்து இறக்கிய பழைய ரெக்கார்ட் பிளேயரில் முள்ளைத் தட்டின் மேல் வைக்கும் முன்பே, ஸ்பீக்கரிலிருந்து தடித்த உறுமல் ஒன்று எழும். மெக்கானிக்குகள் அதை ஹம் என்பார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களோ, "அண்ணே, முள்ளு போயிடுச்சு போல, மாத்திக் குடுங்க" என்று கேட்பார்கள். அந்த உறுமலுக்கும் முள்ளுக்கும் பெரும்பாலும் ஒரு சம்பந்தமும் இருக்காது. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தைப் பாட்டுக்குத் தகுந்த மின்சாரமாக மாற்றித் தரும் சிறிய பகுதி ஒன்று பெட்டிக்குள் உண்டு. ஒரு டிரான்ஸ்பார்மர், ஒன்று முதல் நான்கு வரை டயோடு அல்லது ஒரு வால்வு, இரண்டு கண்டன்சர், ஒரு ரெசிஸ்டர், ஒரு ஃபியூஸ்: அவ்வளவுதான் பவர் சப்ளை. பழைய பெட்டி கெடுவது முதலில் அங்கேதான். சரிசெய்யும்போது கை வைக்க வேண்டியதும் முதலில் அங்கேதான். இந்த வரிசையை மாற்றி முள்ளையும் தட்டையும் மோட்டாரையும் நோண்டியதாலேயே பிழைத்திருக்க வேண்டிய பல பெட்டிகள் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. இது வருத்தப்பட வேண்டிய இழப்பு.

இதைப் பேச முகத்துவாரக்குப்பத்தைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. எண்ணூரில் கொசஸ்தலையாறு கடலில் சேரும் வாயில் இந்த ஊர் இருக்கிறது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் மின் உற்பத்தியைத் தொடங்கியது. 60 மெகாவாட் அலகுகள் இரண்டும் 110 மெகாவாட் அலகுகள் மூன்றுமாக 450 மெகாவாட் திறனுடன் ஓடி, 2017 மார்ச்சில் மூடப்பட்டது. அந்தப் பக்கம் வடசென்னை அனல்மின் நிலையம் இரண்டு கட்டங்களில் 1830 மெகாவாட், வல்லூர் 1500 மெகாவாட். தமிழ்நாட்டின் பாட்டுப்பெட்டிகளுக்கு மின்சாரம் தந்த ஊர்களில் இதுவும் ஒன்று. அதே நேரத்தில், மின்பொருள்கள் மிக விரைவாகக் கெடும் ஊர்களில் ஒன்றும் இதுவே. கடல் உப்புக் காற்று, நிலக்கரிச் சாம்பல், மழைக்கால ஈரம் மூன்றும் சேரும் இடத்தில் எந்த சால்டர் இணைப்பும் பளபளப்பாக நீடிக்காது.

சாதாரண உப்பு சுமார் 75 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் காற்றிலிருந்து தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். சென்னைக் கடற்கரையில் இரவுகளில் ஈரப்பதம் இதைத் தாண்டுவது சாதாரணம். பெட்டிக்குள் படிந்த உப்பும் தூசியும் இரவில் நனைகின்றன, பகலில் காய்கின்றன, மறுபடி நனைகின்றன. செம்புக் கம்பியின் முனையில் பச்சை பூக்கிறது. சுவிட்சின் தொடுமுனை கறுக்கிறது. வயர்களை இணைக்கும், 300 வோல்ட் நிற்கும் டேக் ஸ்ட்ரிப்பின் இரு முனைகளுக்கு நடுவே ஈரத்தூசி ஒரு கசிவுப் பாதை போடுகிறது. ஆகவே மற்ற ஊர்களில் எழுதப்பட்ட பழுதுபார்ப்புக் கையேடுகளில் கடைசியில் வரும் சுத்தம் செய்தல், எண்ணூரில் முதல் வேலை.

இந்தப் பெட்டிகள் வடசென்னைக்கு வந்த கதையும் சுவையானது. இந்தியாவில் முதல் இசைத்தட்டுப் பதிவுகள் 1902இல் கல்கத்தாவில் நடந்தன. கௌஹர் ஜான் பாடினார். 1908இல் அங்கேயே தட்டு அச்சிடும் ஆலை வந்தது. சென்னையில் 1930களில் ஏ.வி. மெய்யப்பன் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வழியாக இசைத்தட்டு வணிகத்தில் இறங்கி, அதன் பிறகே படத்தயாரிப்புக்குப் போனார். அப்போதைய கிராமபோனுக்கு மின்சாரமே தேவையில்லை. கைப்பிடியைச் சுற்றி ஸ்பிரிங்கை முறுக்கினால் போதும். 1948இல் அமெரிக்காவில் நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றும் நீள் இசைத்தட்டும் மறுஆண்டு 45 வேகத் தட்டும் வந்த பிறகு, மெல்லிய பள்ளத்தைப் படிக்க இலேசான முள்ளும், முள் தரும் சிறு சைகையைப் பெருக்க ஆம்ப்ளிஃபயரும், ஆம்ப்ளிஃபயருக்கு மின்சாரமும் வேண்டியதாயின. இந்தியாவில் 78 வேகத் தட்டு 1960களின் இறுதி வரை விற்றதால், இங்கே விற்ற பிளேயர்களில் மூன்று வேகங்களும் ஒன்றாக இருந்தன.

1955 வாக்கில் எண்ணூரில் லேலண்ட் லாரியும் திருவொற்றியூரில் என்ஃபீல்ட் மோட்டார் சைக்கிளும் உற்பத்தியாகத் தொடங்கின. மாதச் சம்பளம் வாங்கும் தொழிலாளர் குடும்பங்கள் இந்தப் பட்டையில் பெருகின. தவணையில் ரேடியோ வாங்கிய வீடுகளில் ஒரு பகுதி அடுத்து ரெக்கார்ட் பிளேயரும் வாங்கியது. ஹெச்.எம்.வி.யின் ஃபியஸ்டா, கலிப்ஸோ, பிலிப்ஸ் பெட்டிகள் போன்றவை அப்படி வந்தவை. வீட்டுப் பெட்டியைவிட அதிகம் உழைத்தது சவுண்ட் சர்வீஸ் பிளேயர். ஆடி மாதத்தில் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாடல்கள், மார்கழி விடியலில் எம்.எஸ். சுப்புலட்சுமியின் சுப்ரபாதம், சந்தனக்கூட்டில் நாகூர் ஹனீபா, மாதா திருவிழாவில் கிறிஸ்தவப் பாடல்கள், இரவு முழுக்க 'வீரபாண்டிய கட்டபொம்மன்', 'திருவிளையாடல்' படங்களின் கதைவசனத் தட்டுகள். தென்னங்கீற்றுப் பந்தலுக்குப் பின்னால், ஜெனரேட்டர் மின்சாரத்தில், மணல் தரையில் உட்கார்ந்து பாடிய பெட்டிகள் அவை. மின்பகுதி அடிபட்டதற்கு அந்த உழைப்பும் ஒரு காரணம்.

துறைமுகம் வழியாக வந்தவை தனி வகை. கப்பலில் வேலை பார்த்தவர்கள் ஜப்பானிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் கொண்டுவந்த பிளேயர்கள், பர்மா பஜாரில் கைமாறியவை, 1985இல் எரிந்துபோகும் வரை மூர் மார்க்கெட்டில் பழைய தட்டுகளோடு விற்றவை. இவற்றின் பவர் சப்ளையில் ஒரு விசேஷமான சிக்கல் உண்டு. அதற்கு முன் பவர் சப்ளை எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

சுவர் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று என்ற கணக்கில் திசை மாறி மாறி ஓடுவது. ஆம்ப்ளிஃபயருக்கு வேண்டியதோ ஒரே திசையில் சீராக ஓடும் மின்சாரம். டிரான்ஸ்பார்மர் 230 வோல்ட்டை 12 வோல்ட் போன்ற சிறிய அளவுக்கு இறக்குகிறது. டயோடுகள் அதை ஒரே திசைக்குத் திருப்புகின்றன. நான்கு டயோடு கொண்ட பிரிட்ஜாக இருந்தால் நொடிக்கு 100 மேடுகளும் அவற்றுக்கு நடுவே 100 பள்ளங்களும் கிடைக்கும். ஒரே டயோடு என்றால் 50. இந்தப் பள்ளங்களை நிரப்புவது எலக்ட்ரோலிடிக் கண்டன்சரின் வேலை. லாரித் தண்ணீர் வரும்போது குடத்தில் பிடித்துவைத்து, வராத நேரத்தில் புழங்குவதுபோல, மேட்டில் மின்னூட்டத்தை வாங்கிப் பள்ளத்தில் கொடுக்கும். குடம் ஓட்டையானால் பள்ளம் பள்ளமாகவே ஆம்ப்ளிஃபயருக்குப் போய்ச் சேரும். அந்தப் பள்ளங்களின் ஒலிதான் ஹம்.

இதைக் கணக்காகவே சொல்லலாம். ஆம்ப்ளிஃபயர் இழுக்கும் ஆம்பியரை, நொடிக்கு எத்தனை மேடு என்பதாலும் கண்டன்சரின் ஃபாரட் அளவாலும் வகுத்தால், மின்னழுத்தம் இரண்டு மேடுகளுக்கு நடுவில் எத்தனை வோல்ட் விழுகிறது என்று கிடைக்கும். 200 மில்லி ஆம்பியர் இழுக்கும் ஒரு பெட்டியில் 1000 மைக்ரோ ஃபாரட் கண்டன்சர் நன்றாக இருந்தால் 2 வோல்ட் விழும். அது தாங்கக்கூடியது. அதே கண்டன்சர் வற்றி 100 மைக்ரோ ஃபாரட் ஆகிவிட்டால் கணக்குப்படி விழ வேண்டியது 20 வோல்ட். பெட்டியில் இருப்பதே 15 வோல்ட்தான்! மின்சாரம் நொடிக்கு 100 முறை அடிவரை விழுந்து எழும். பாட்டுக்குப் பதில் உறுமல்தான் கேட்கும்.

கண்டன்சர் ஏன் வற்றுகிறது? உள்ளே இரண்டு அலுமினியத் தகடுகளும், அவற்றுக்கு நடுவே மின்கரைசலில் ஊறிய தாளும் சுருட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு தகட்டின் மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கும். மின்சாரத்தைத் தடுத்து நிறுத்துவது அந்தப் படலம். ஆண்டுகள் போகப்போக ரப்பர் அடைப்பு வழியே கரைசல் ஆவியாகிறது. பெட்டியை ஓட்டாமலே வைத்திருந்தால் படலமும் நலிகிறது. வெப்பம் இரண்டையும் விரைவுபடுத்தும். 10 டிகிரி செல்சியஸ் சூடு கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இத்துறையில் எல்லோரும் பின்பற்றும் கணக்கு. ஓட்டுக்கூரைக்குக் கீழே பரணில் நாற்பது கோடைகளைக் கழித்த கண்டன்சருக்கு என்ன மிச்சமிருக்கும் என்று ஊகிக்கலாம்.

அப்படிப்பட்ட பெட்டியை இறக்கியவுடன் பிளக்கைச் செருகினால், நலிந்த படலத்தின் வழியே மின்சாரம் பாயும். கண்டன்சர் சூடேறி வெடிக்கலாம். அதைவிட மோசமானது, அது வெடிக்காமல் ஷார்ட் ஆகி டிரான்ஸ்பார்மரைத் தின்பது. கண்டன்சர் சில பத்து ரூபாயில் கிடைக்கும். அந்தப் பெட்டிக்கே உரிய டிரான்ஸ்பார்மர் எங்கும் கிடைக்காது.

ஆகவே முதல் மணி நேரம் பிளக்கே இல்லாமல் கழிய வேண்டும். மேல்தட்டைக் கழற்றி, ஒவ்வொரு கோணத்திலும் படம் எடுத்துவைப்பது நல்லது. பிறகு மென்தூரிகையால் தூசி நீக்கி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு டேக் ஸ்ட்ரிப், சுவிட்ச், பிரிண்டட் போர்டு ஆகியவற்றில் படிந்த உப்பைத் துடைக்க வேண்டும். பச்சை பூத்த இணைப்பைச் சுரண்டிப் பழைய ஈயத்தை எடுத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். பழைய ஈயத்தின் மேலேயே இன்னொரு சொட்டு வைப்பது பார்வைக்கு நன்றாக இருக்கும். உள்ளே உப்பு தன் வேலையைத் தொடர்ந்துகொண்டே இருக்கும். துணி சுற்றிய பழைய வயரையும் வெடித்த ரப்பர் வயரையும் பார்த்தவுடன் மாற்றிவிட வேண்டும். அசல் தோற்றத்தைக் காப்பது நல்ல ஆசைதான். மின்கம்பி விஷயத்தில் மட்டும் அதற்கு இடம் கொடுக்கக் கூடாது.

அடுத்தது மல்டிமீட்டர். சுவிட்சை ஆன் நிலையில் வைத்து, பிளக்கின் இரு பின்களுக்கு நடுவே ஓம் அளந்தால், சிறிய டிரான்ஸ்பார்மரில் சில பத்து ஓமிலிருந்து சில நூறு ஓம் வரை காட்டும். எதுவும் காட்டாவிட்டால் ஃபியூஸ், சுவிட்ச், வயர், கடைசியாக டிரான்ஸ்பார்மர் என்ற வரிசையில் தேட வேண்டும். ஒவ்வொரு பின்னுக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவே எதுவுமே காட்டக் கூடாது. காப்பை அளக்கும் மெக்கர் கிடைத்தால் 500 வோல்ட்டில் அளந்து, குறைந்தது 2 மெகா ஓம் வருகிறதா என்று பார்ப்பது சிறந்தது. எண்ணூரில் இந்த அளவீட்டில் தோற்கும் டிரான்ஸ்பார்மர்கள் எல்லாம் எரிந்தவை அல்ல. பல வெறுமனே ஈரம் குடித்தவை. மூடிய பெட்டியில் 100 வாட் குண்டு பல்பு எரியவிட்டு, அதன் பக்கத்தில் ஓரிரு நாள் உலர்த்தி மறுபடி அளந்தால் அவற்றில் சில பிழைத்துக்கொள்ளும்.

இங்கே 2023 டிசம்பரை நினைக்காமல் இருக்க முடியாது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கச்சா எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்திலும் கரையோரக் குடியிருப்புகளிலும் படிந்தது. படகும் வலையும் மட்டுமின்றி வீட்டுச் சாமான்களும் கெட்டன. எண்ணெய் வெள்ளம் புகுந்த மின்பெட்டியை வெறுமனே வெயிலில் காயவைப்பது பயன் தராது. எண்ணெய்ப் படலத்துக்கு அடியில் உப்புநீர் அப்படியே சிக்கிக்கிடக்கும். டிரான்ஸ்பார்மர், மோட்டார், ஸ்பீக்கர், முள்ளின் அசைவைச் சைகையாக்கும் கார்ட்ரிட்ஜ் ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, சட்டத்தையும் போர்டையும் சோப்பு நீரில் கழுவி, நல்ல நீரில் பலமுறை அலசி, கடைசியில் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரால் ஒருமுறை அலசி, முழுக்க உலர்த்திய பிறகே வேலை தொடங்க வேண்டும். மின்பொருளைத் தண்ணீரில் கழுவலாமா என்று அஞ்ச வேண்டாம். மின்சாரம் இல்லாதபோது நல்ல நீர் செய்யும் கேடு சிறிது. காய்ந்து ஒட்டிய கடல்நீர் செய்யும் கேடு பெரிது.

முதன்முதலாக மின்சாரம் கொடுக்கும்போது சீரிஸ் பல்பு கட்டாயம். பிளேயருக்குப் போகும் ஒரு வயரை வெட்டி நடுவில் 60 வாட் குண்டு பல்பு ஒன்றை இணைப்பதுதான் அது. பெட்டிக்குள் ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், பெட்டி தப்பிக்கும். ஒரு கணம் மின்னிவிட்டு மங்கினால் நல்லது. எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. குண்டு பல்பின் இழை சூடேறச் சூடேறத் தடை கூடுவதுதான் இங்கே காவல். கடைகளில் குண்டு பல்பு குறைந்துவருகிறது. மெக்கானிக் வேலை பழகுகிற இளைஞர்கள் இரண்டு மூன்றை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்வது நல்லது.

பெட்டி பிழைத்து எழுந்து உறுமினால், உறுமலையே விசாரிக்கலாம். வால்யூமை முழுக்கக் குறைத்தும் உறுமல் குறையாமல் நின்றால் குற்றம் பவர் சப்ளையில்தான் இருக்க வாய்ப்பு அதிகம். வால்யூமோடு சேர்ந்து கூடிக் குறைந்தால் கார்ட்ரிட்ஜ் வயரோ அதன் எர்த் இணைப்போ அறுந்திருக்கும். முள் தாங்கும் கையை மோட்டார்ப் பக்கம் நகர்த்தும்போது மட்டும் கூடினால், மோட்டாரின் காந்தப்புலம் கார்ட்ரிட்ஜில் ஏறுகிறது என்று பொருள். காது பழகினால் உறுமலின் சுருதியே விடை சொல்லும். பிரிட்ஜ் டயோடு உள்ள பெட்டியில் கண்டன்சர் வற்றினால் 100 சுற்று ஹம், சற்றுக் கரகரப்பாக வரும். எர்த் அறுந்தால் 50 சுற்று, ஒரு ஸ்தாயி கீழே, வழுவழுப்பாக வரும். பிரிட்ஜில் ஒரு டயோடு திறந்துபோனாலும் 100 சுற்று 50 ஆகும். ஒரு ஸ்தாயி வித்தியாசத்தைப் பாட்டு கேட்டுப் பழகிய எந்தக் காதும் பிடித்துவிடும். இசை தெரிந்தவர் நல்ல மெக்கானிக் ஆவதற்கு இது ஒரு காரணம்.

உறுமலும் இல்லை, பாட்டும் இல்லை என்றால் கார்ட்ரிட்ஜைப் பார்க்க வேண்டும். பழைய கிறிஸ்டல் கார்ட்ரிட்ஜ் ரோஷல் உப்பால் ஆனது. ஈரத்தில் கரையும், சுமார் 55 டிகிரி வெப்பத்தில் கெட்டுவிடும். கடலோரத்தில் அது பிழைத்திருந்தால் ஆச்சரியம். அதற்குப் பதில் செராமிக் கார்ட்ரிட்ஜ் போடலாம். மின்பகுதிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பதால் அதைப் பற்றி இங்கே இவ்வளவு போதும்.

இனி கண்டன்சரை மாற்றும் வேலை. டிரான்ஸ்பார்மர் 12 வோல்ட் கொடுத்தால் டயோடுகளுக்குப் பிறகு கண்டன்சரில் நிற்பது 12 அல்ல. உச்ச அளவு அதன் 1.414 மடங்கு, 17 வோல்ட். இரண்டு டயோடுகள் 1.4 வோல்ட்டை எடுத்துக்கொண்டால் 15.5. இரவில் மின்னழுத்தம் 250க்கு ஏறினால் அது 17ஐத் தொடும். ஆகவே 16 வோல்ட் என்று அச்சிட்ட கண்டன்சரைப் போடவே கூடாது. 25 அல்லது 35 வேண்டும். பழைய டயோடு போயிருந்தால் 1 ஆம்பியர், 1000 வோல்ட் தாங்கும் 1என்4007 போதும். சென்னையில் மின்பொருள்கள் விற்கும் ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

துருவம் மாற்றிப் போட்டுவிடும் ஆபத்தும் உண்டு. ஏசி128 போன்ற ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் போட்ட 1960கள், 70களின் ஆம்ப்ளிஃபயர்களில் பிளஸ் முனை இரும்புச் சட்டத்தோடு சேர்ந்திருப்பது வழக்கம். பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் தயாரித்த ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள் உள்நாட்டுப் பெட்டிகளில் ஏராளமாக இடம்பெற்றன. இன்றைய பழக்கத்தில் "சட்டம் என்றால் மைனஸ்" என்று கண்டன்சரைத் திருப்பிப் போட்டால் அது வெடிக்கும், டிரான்சிஸ்டரும் போய்விடும். பழையதைக் கழற்றும் முன் அதன் பிளஸ் எந்தப் பக்கம் நின்றது என்று போர்டிலேயே குறித்துவிட வேண்டும்.

வால்வுப் பெட்டி இன்னொரு உலகம். அங்கே கண்டன்சரில் 250 முதல் 350 வோல்ட் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நிற்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை, காப்பிட்ட இடுக்கியால் பிடித்து, கண்டன்சரின் இரு முனைகளிலும் சில நொடிகள் வைத்து வடித்து, மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்து படீரென்று தீப்பொறி பறக்கவிடும் பழக்கம் கண்டன்சருக்கும் கண்ணுக்கும் கேடு. இன்னொரு தவறு, "பெரிதாகப் போட்டால் ஹம் இன்னும் குறையுமே" என்று 50 மைக்ரோ ஃபாரட் இருந்த இடத்தில் 220 போடுவது. ஈஇசட்80 என்ற ரெக்டிஃபயர் வால்வு முதல் கண்டன்சராக 50 மைக்ரோ ஃபாரட்டுக்கு மேல் தாங்காது. ஒவ்வொரு மேட்டிலும் பெரிய கண்டன்சர் இழுக்கும் மின்னோட்டம் வால்வைச் சுட்டுவிடும். ஹம் குறைய வேண்டுமானால் இரண்டாவது கண்டன்சரைச் சற்றுப் பெரிதாக்கலாம். பழைய வட்டக் குப்பிக்குள் இரண்டு கண்டன்சர்கள் ஒன்றாக இருக்கும். குப்பியைத் திறந்து உள்ளே புதியவற்றைப் பொருத்தி மூடினால் அசல் தோற்றம் கெடாது.

எல்லாவற்றிலும் ஆபத்தானது டிரான்ஸ்பார்மரே இல்லாத பெட்டி. கல்கத்தா, பம்பாய் போன்ற நகரங்களின் சில பகுதிகளில் நேர்மின்சாரம் நீண்டகாலம் புழக்கத்தில் இருந்தது. இரண்டு வகை மின்சாரத்திலும் ஓட வேண்டுமென்று ஏசி/டிசி பெட்டிகள் வந்தன. செலவைக் குறைக்கவும் அதே அமைப்பு பயன்பட்டது. யுசிஎல்82 வால்வின் இழைக்கு 50 வோல்ட், யுஒய்85க்கு 38 வோல்ட். இரண்டையும் வரிசையாகக் கோர்த்தால் 88. மீதி 142 வோல்ட்டை ஒரு பெரிய ரெசிஸ்டரோ மோட்டாரின் சுருளோ எடுத்துக்கொள்ளும். விளைவு, இரும்புச் சட்டம் சுவர் மின்சாரத்தின் ஒரு முனையோடு நேரடியாக இணைந்திருக்கும். பிளக்கைத் திருப்பிச் செருகினால் சட்டம் முழுக்க 230 வோல்ட். குமிழ் ஒன்று கழன்று விழுந்தாலும் அதன் உலோகத் தண்டைத் தொடுகிறவர் கடற்கரை ஈரமணலில் நின்றால் உயிருக்கே ஆபத்து. பாதுகாப்பு என்று நினைத்து இந்தப் பெட்டிக்கு மூன்று பின் பிளக்கும் எர்த்தும் போடுவது இன்னும் பெரிய தவறு. 230க்கு 230 தரும் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் வழியே மட்டும் இதை ஓட்ட வேண்டும். அது வாங்க முடியாதவர் இதை ஓட்டாமல், திறக்காமல் வைத்துக்கொள்வதே சரி. வீட்டு மின்பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் ஈ.எல்.சி.பி. இருப்பது எல்லாப் பெட்டிக்கும் தேவையான காவல்.

கப்பலில் வந்த பெட்டிகளின் சிக்கலுக்கு இப்போது வரலாம். அமெரிக்கப் பிளேயர் 110 முதல் 120 வோல்ட்டுக்கும் 60 சுற்றுக்கும் செய்தது. ஜப்பானில் 100 வோல்ட். அங்கே நாட்டின் கிழக்கில் 50 சுற்று, மேற்கில் 60. ஸ்டெப்டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்கி வோல்ட்டைச் சரிசெய்துவிட்டால் தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். வோல்ட் தீரும், சுற்று தீராது. மாறுமின்சார மோட்டாரின் வேகம் சுற்றைப் பின்பற்றுவது. 60க்குச் செய்த மோட்டார் 50இல் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் ஓடும். 33⅓ வேகத் தட்டு 27.8இல் சுற்றும், 45 என்றால் 37.5. பாட்டின் சுருதி மூன்று அரைச்சுரத்துக்கும் சற்று அதிகமாக இறங்கிவிடும். பி. சுசீலாவின் குரல் ஆண்குரல்போல் ஒலிப்பதைக் கேட்டுத் தட்டுதான் கெட்டதென்று தூக்கிப் போட்டவர்கள் உண்டு. மோட்டார் தண்டின் மேல் இருக்கும் சிறு பித்தளைக் கப்பியின் விட்டத்தை ஐந்துக்கு ஆறு என்ற விகிதத்தில் பெரிதாக்கிக் கடைந்தால் வேகம் சரியாகும். ஜப்பானியப் பெட்டிகள் சிலவற்றில் இரண்டு சுற்றுக்கும் தனித்தனிக் கப்பி கூடவே வரும். மற்றவற்றுக்குத் திருவொற்றியூர், எண்ணூர் லேத் பட்டறைகளில் இதைக் கடைந்து தரும் கைத்திறன் தாராளமாக உண்டு.

வேகம் சரியா என்று பார்க்க 180 கோடுகள் வரைந்த காகிதத் தட்டு போதும். 50 சுற்று மின்சாரத்தில் பல்பு நொடிக்கு 100 முறை மினுங்குகிறது. தட்டு 33⅓ வேகத்தில் சுற்றினால் அந்த மினுங்கலில் கோடுகள் அசையாமல் நிற்பதுபோல் தெரியும். பழைய சோக் வைத்த டியூப் லைட்டுக்குக் கீழே பார்க்க வேண்டும். புதிய எல்.இ.டி. விளக்குகள் பலவற்றில் அந்த மினுங்கல் இருக்காது.

டிரான்ஸ்பார்மர் உண்மையிலேயே எரிந்திருந்தால் மறுசுற்று. இந்தக் கலை இன்னும் சென்னையில் உயிரோடு இருக்கிறது. நடுத்தண்டின் பரப்பைச் சதுர சென்டிமீட்டரில் அளந்து, 45ஐ அதனால் வகுத்தால் ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்று கிடைக்கும். 6 சதுர சென்டிமீட்டர் என்றால் வோல்ட்டுக்கு 7.5 சுற்று, 230 வோல்ட்டுக்கு 1725 சுற்று. 12 வோல்ட் பக்கத்துக்கு 90 வரும். சுமை ஏறும்போது இறங்குவதை ஈடுகட்ட ஐந்து சதவீதம் கூட்டி 95 சுற்றலாம். 25 வாட் அளவுக்கு முதல் பக்கத்தில் 34 கேஜ் எனாமல் கம்பி பொருந்தும். ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே காப்புத்தாள் வைக்க வேண்டும். அவசரத்தில் பல பட்டறைகள் விட்டுவிடும் கடைசி வேலை வார்னிஷ். சுற்றி முடித்த சுருளைச் சூடாக்கி, வார்னிஷில் குமிழி வருவது நிற்கும்வரை முக்கி, எடுத்துக் காயவைக்க வேண்டும். கடலிலிருந்து தள்ளியிருக்கும் வறண்ட ஊரில் வார்னிஷ் இல்லாத டிரான்ஸ்பார்மர் பல ஆண்டு தாங்கலாம். முகத்துவாரத்துக் காற்றில் தாங்காது. கூடுதல் கூலி கேட்டாலும் கொடுத்து வார்னிஷ் போடச் சொல்ல வேண்டும்.

இந்த அறிவெல்லாம் பெரும்பாலும் தாளில் இல்லை. வடசென்னையின் ரேடியோ மெக்கானிக்குகள் கையால் கற்றதைக் கையாலேயே கற்றுக்கொடுத்தார்கள். அவர்களில் பலர் இன்று எழுபதைத் தாண்டியவர்கள். பக்கத்து ஐ.டி.ஐ. மாணவர்கள் ஒரு விடுமுறையில் அவர்களோடு உட்கார்ந்து பத்துப் பெட்டிகளைத் திறந்தால், மின்சாரத்தைப் பற்றிப் பாடப்புத்தகம் சொல்வதையெல்லாம் கண்ணால் பார்த்துவிடலாம். நான்கு டயோடும் ஒரு கண்டன்சரும் கொண்ட அந்தச் சுற்று இன்றைய பல மின்கருவிகளின் உள்ளேயும் இருப்பதுதான்.

பழுது தீர்ந்த பெட்டியைச் சீரிஸ் பல்பு இல்லாமல் இரண்டு மணி நேரம் ஓடவிட வேண்டும். பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு டிரான்ஸ்பார்மரைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கை வைத்திருக்கும் அளவு சூடு சரி, கையை எடுக்க வைக்கும் சூடு என்றால் எங்கோ இன்னும் கசிகிறது. 25 வாட் பெட்டி சுவரிலிருந்து இழுப்பது 0.11 ஆம்பியர்தான். 250 மில்லி ஆம்பியர் ஸ்லோ ப்ளோ ஃபியூஸ் அதற்குப் போதும். ஃபியூஸ் போன இடத்தில் செம்புக் கம்பியை முறுக்கி வைத்துக் கொண்டுவரப்பட்ட பெட்டிகளின் கதி எல்லா மெக்கானிக்குகளுக்கும் தெரியும். எல்லாம் சரியானதும் மூடிக்கு உட்புறம் ஒரு தாள் ஒட்ட வேண்டும்: டிரான்ஸ்பார்மரின் இரு பக்க வோல்ட், கண்டன்சரில் நின்ற வோல்ட், ஃபியூஸ் அளவு, சட்டத்தில் பிளஸ்ஸா மைனஸா, எந்தக் கண்டன்சர் எந்த ஆண்டு மாற்றியது. பதினைந்து ஆண்டு கழித்து அதே பெட்டியைத் திறக்கிறவர் மீட்டரை எடுத்து, தாளில் உள்ள எண்ணையும் மீட்டர் காட்டும் எண்ணையும் ஒப்பிட்டு, கோளாறு எந்தப் பக்கம் என்று உடனே கண்டுபிடித்துவிடுவார்.